மகனுக்குத் தேர்வன்று குளுக்கோஸ், மறதியுள்ள அம்மாவுக்குச் சர்க்கரைத் தடை: ஞாபகத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு என்ன?

தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். ஒரே பொருளைப் பற்றி எதிரெதிரான இரண்டு கட்டளைகள் எங்கள் வீட்டில் இப்போது நடப்பில் இருக்கின்றன. மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிறான். மூளை சர்க்கரையில்தான் ஓடுகிறது என்பதால், தேர்வுக்குப் புறப்படும் முன் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடித்தால் படித்ததெல்லாம் நினைவுக்கு வரும் என்று அவனுடைய டியூஷன் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். என் அம்மாவுக்கு 68 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சில மாதங்களாகக் கேட்டதையே மறுபடி கேட்கிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். மார்க்கெட்டில் காசு கொடுத்தோமா இல்லையா என்று தடுமாறுகிறார். காலமெல்லாம் டீயில் போட்டுக் குடித்த வெள்ளைச் சர்க்கரைதான் மூளையை அரித்துவிட்டது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னதிலிருந்து, அம்மா சர்க்கரையை அறவே விட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இரவுச் சாப்பாட்டையும் பாதி நாள் விட்டுவிடுகிறார்.

சர்க்கரை ஞாபகத்தை வளர்க்கிறதா, அழிக்கிறதா? இதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் என்ன கண்டறிந்திருக்கிறார்கள் என்பதை, கேள்விப்பட்டதாக இல்லாமல், படித்துத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இராயபுரம் உயிரியல் ஆசிரியை (ஓய்வு)

தம்பி, அந்த டியூஷன் ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் தாமே சேர்த்துக்கொண்டார்.

மூளை உடல் எடையில் 2 சதவீதம் அளவே இருந்தாலும், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். கல்லீரலும் தசையும் சேமித்து வைப்பதைப் போல அது பெரிதாக எதையும் சேமிப்பதில்லை. இரத்தம் கொண்டுவருவதை வாங்கி அப்போதைக்கப்போது செலவழிக்கிறது. இதுவரை அவர் சொன்னது சரி. ஆனால், உணவுக்கும் உணவுக்கும் இடையில் இரத்தத்தில் குளுக்கோஸ் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கல்லீரல் இருக்கிறது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்ட பையனின் மூளை தேர்வறையில் பட்டினி கிடப்பதில்லை. சோறும் இட்லியும் இறுதியில் குளுக்கோஸாகத்தானே இரத்தத்தில் கலக்கின்றன?

குளுக்கோஸ் ஞாபகத்துக்கு உதவும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பால் கோல்டு என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். இரவு முழுவதும் எதுவும் சாப்பிடாத முதியவர்களுக்குக் காலையில் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். ஒரு நாள் அதில் குளுக்கோஸ் கலந்திருக்கும்; இன்னொரு நாள் இனிப்பு மட்டும் தரும் சாக்கரின் கலந்திருக்கும். பிறகு ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டி, எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று பார்த்தார்கள். குளுக்கோஸ் குடித்த நாளில் அதிகம் நினைவில் நின்றது. சாக்கரின் குடித்த நாளில் அந்தப் பலன் இல்லாததால், உதவியது நாக்கில் பட்ட இனிப்பு அல்ல, இரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ்தான் என்பது தெளிவாயிற்று. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட அளவு வரைதான் பலன். அதற்கு மேல் கொடுத்தால் கிடைத்த பலனும் போய்விடுகிறது. இளைஞர்களிடமோ தொடக்கத்திலிருந்தே அது மங்கலாகத்தான் தெரிந்தது.

ஞாபகத்தில் இந்தப் பலன் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. மூளையின் இரு பக்கமும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் நினைவாக மாற்றுவதில் முதன்மையான பங்கு அதனுடையது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் செய்த அறுவையில் இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். 2008இல் இறக்கும் வரை, சற்றுமுன் சந்தித்தவரையே அவருக்கு அடையாளம் தெரியாமல் இருந்தது. எலி ஒன்று கடினமான பாதையை நினைவில் வைத்து நடக்கும்போது அதன் ஹிப்போகேம்பஸில் உள்ள குளுக்கோஸ் குறைகிறது என்பதை, கோல்டு பங்குபெற்ற ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் அளந்தே காட்டியது. எளிய பாதையில் அந்தக் குறைவு இல்லை. உழைக்கும் இடம் உணவைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மகனுக்கு இதில் உள்ள செய்தி: வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஜமைக்காவில் 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காலையுணவைத் தவிர்த்தபோது நல்ல ஊட்டத்துடன் வளர்ந்த பிள்ளைகளைவிட, ஊட்டக்குறைவால் வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளைகளே சிந்தனைத் தேர்வுகளில் அதிகம் பின்தங்கினார்கள். நம் மாநிலத்தில் 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலையுணவுத் திட்டத்தை நான் மனதார வரவேற்றதற்கு இதுவே காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதல் பாடவேளை எடுத்தவள் நான். கரும்பலகையைப் பார்க்கும் கண்களிலேயே எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் வயிறு நிறைந்த பிள்ளைக்கு மேலும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் ஊற்றுவதால் கூடுதல் ஞாபகம் வராது.

கொடுங்கையூர் ஆய்வகப் பணியாளர்

டீச்சர் விளக்கியது ஒரு நாள் காலையில் நடப்பது. தண்டையார்பேட்டை நண்பரின் அம்மாவைப் பற்றிய கேள்வி பல ஆண்டுகளில் நடப்பதைப் பற்றியது. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. நான் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவன் என்பதால் எண்களோடு எழுதுகிறேன்.

சியாட்டில் நகரத்தில் மறதி நோய் இல்லாத 2,067 முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. ஆய்வில் சேர்ந்தபோது அவர்களுடைய சராசரி வயது 76. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கவனித்ததில் 524 பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தது. சர்க்கரை நோயே இல்லாதவர்களிலும், இரத்தக் குளுக்கோஸ் சராசரியாக 100 இருந்தவர்களைவிட 115 இருந்தவர்களுக்கு ஆபத்து 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோயாளிகளில், 160 சராசரி உள்ளவர்களோடு ஒப்பிட்டால் 190 உள்ளவர்களுக்கு 40 சதவீதம் கூடுதல். நம்மிடம் பரிசோதனைக்கு வந்து, "115தானே, இது ஒன்றும் சர்க்கரை இல்லையே" என்று நிம்மதியாகச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதே ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த ஆய்வு சிறியது. 141 பேர், சராசரி வயது 63, ஒருவருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, நாம் சீட்டில் சதவீதமாக எழுதும் கணக்கில் ஏறத்தாழ 0.6 கூடியிருந்தால், நினைவுக்கு வந்த சொற்கள் இரண்டு குறைந்தன. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், குளுக்கோஸ் கூடுதலாக உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸ் அளவில் சிறியதாகவும் உள்ளமைப்பில் தளர்ந்தும் காணப்பட்டது.

காரணம் ஒன்றல்ல. நீண்ட காலம் உயர்ந்து நிற்கும் குளுக்கோஸ் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் நடப்பது மூளையிலும் நடக்கிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை இறுகச் செய்கிறது. இன்சுலினுக்கு உடல் பணியாத நிலை வந்தபின், ஹிப்போகேம்பஸில் இன்சுலின் செய்யும் வேலையும் தடைப்படுகிறது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றுதான் இன்சுலினையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுதியாக இருந்தால் அந்த நொதி அதிலேயே ஈடுபட்டு, அமிலாய்டைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கருத்து உண்டு.

இவை எல்லாவற்றிலும் அளக்கப்பட்டது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ். எத்தனை கரண்டிச் சர்க்கரை தின்றார்கள் என்பதல்ல. இந்த வேறுபாட்டை உறவினர் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, மதியம் ஒரு மலை சோறும் இரவு பரோட்டாவும் சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கிவிடாது.

பெரம்பூர் பழைய ரயில்வேக்காரர்

ஆய்வுகளை மறுக்கவில்லை. ஆனால் கருப்பட்டியையும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பாட்டிமார் கருப்பட்டிக் காப்பி குடித்துத்தான் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார்கள். எவருடைய திருமணத்துக்கு யார் என்ன மொய் எழுதினார்கள் என்பதைக் கடைசி நாள் வரை ஒப்பித்தார்கள். ரேஷன் கடையில் குறைந்த விலைக்குச் சர்க்கரை வந்து வீட்டில் குவிந்த பிறகுதான் இந்த மறதியெல்லாம். கருப்பட்டியில் இரும்புச் சத்து இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அந்த அம்மா கருப்பட்டிக்கு மாறியது நல்லதுதானே?

பழைய வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்

பெரியவர் அவர்களுக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மணிக்கூண்டு அருகே உள்ள எங்கள் மருந்துக்கடைக்கு, கருப்பட்டிதானே என்று நம்பிக் கணக்கில்லாமல் சாப்பிட்டுவிட்டு, குளுக்கோஸ் 300ஐத் தாண்டிய சீட்டோடு வருகிறவர்கள் உண்டு.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். குடலுக்குள் போனபின் எந்த வடிவில் வந்த சுக்ரோஸும் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும்தான் பிரிகிறது. கருப்பட்டியில் தாதுக்கள் சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் அவற்றுக்காக நாம் தின்ன வேண்டிய கருப்பட்டியின் அளவைக் கணக்கிட்டால் நன்மையைவிடத் தீமை பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சமையலறையில் சேர்க்கும் எல்லா இனிப்பும், தேனும் பழச்சாறும் உட்பட, ஒரே கணக்கில்தான் வருகின்றன. நாள் முழுதும் 2,000 கலோரி உண்பவருக்கு அந்தக் கணக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது. தெருமுனைக் கடையில் ஒரு கிளாஸ் டீயில் ஒன்றரை முதல் இரண்டு கரண்டி வரை விழுகிறது. ஒரு கரண்டி சுமார் 4 கிராம். நாளுக்கு ஐந்து டீ குடிப்பவர் வேறு எந்த இனிப்பையும் தொடாமலே 30 முதல் 40 கிராமை எட்டிவிடுகிறார். பாட்டிமாரின் கருப்பட்டிக் காப்பி, நாள் முழுவதும் நெல் குத்தித் தண்ணீர் இறைத்த உடம்புக்குப் போனது என்பதையும் பெரியவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தண்டையார்பேட்டை ஐயாவிடம் அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். அம்மா எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளில் கிளிமிப்பிரைடு அல்லது கிளிபென்கிளமைடு இருக்கிறதா? இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டால், நள்ளிரவுக்கு மேல் லோ சுகர் வரலாம். குளுக்கோஸ் 70க்குக் கீழே இறங்குவதை லோ சுகர் என்கிறோம். 54க்குக் கீழே போனால் ஆபத்து. உடல் நடுக்கம், வியர்வை, கெட்ட கனவு, விடியற்காலையில் தலைவலி, காலையில் எழுந்ததும் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். தூக்கத்தில் வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாது. வயதானவர்களிடம் நடுக்கமும் வியர்வையும் இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதால், பலர் அதை மறதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இது அப்போதைக்கு வந்து போகும் தொல்லை மட்டுமல்ல. வடக்குக் கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், லோ சுகருக்காக ஒருமுறை மருத்துவமனைக்குப் போக நேர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் ஆபத்து 26 சதவீதம் கூடுதலாக இருந்தது; இருமுறை என்றால் 80 சதவீதம்; மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை என்றால் 94 சதவீதம். ஞாபகத்தைக் காப்பாற்றுவதற்காகப் பட்டினி கிடப்பவருக்கு அதே பட்டினி எதிராகத் திரும்புவது இங்கேதான்.

அடுத்தது மெட்ஃபார்மின். சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதிக் கொடுக்கும் மருந்து அது, நல்ல மருந்து, நானே பலருக்கு அதன் மீதுள்ள வீண் பயத்தைப் போக்கியிருக்கிறேன். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் வைட்டமின் பி12 உடலில் சேர்வதை அது குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், களைப்பு வரும், மறதியும் வரும். மீனும் முட்டையும் பாலும் குறைவாக உண்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அம்மாவின் மறதிக்குச் சர்க்கரையைப் பழிப்பதற்கு முன், பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தண்டையார்பேட்டைவாசி

ஐயா, உங்கள் பதிவைப் படித்தவுடன் மருந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். காலையிலும் இரவிலும் கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. விடியற்காலையில் தலையணை நனையும் அளவுக்கு வியர்ப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்; மின்விசிறி சரியில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் போகிறோம். இன்றிரவு இட்லி சாப்பிட வைத்துவிட்டேன்.

வியாசர்பாடி நூலகம் செல்பவன்

அம்மாவின் சிகிச்சை சரியான திசையில் போவது மகிழ்ச்சி. ஆய்வுகளைப் பற்றி எனக்குள்ள ஐயங்களை எழுதுகிறேன். யாரையும் மட்டம் தட்டுவதற்காக அல்ல.

சியாட்டிலிலும் பெர்லினிலும் நடந்தவை, இரண்டு நிலைகள் ஒன்றாகக் காணப்படுகின்றன என்று காட்டுபவை. ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. குளுக்கோஸ் கூடுதலாக உள்ளவருக்கு இரத்த அழுத்தமும் கூடுதலாக இருக்கலாம். தூக்கம் குறைவாக இருக்கலாம். நடை குறைவாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்துக் கழிக்க முயன்றார்கள் என்பது உண்மைதான். எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது என்பதும் உண்மை.

காரணம் அதுதான் என்றால், குளுக்கோஸைக் குறைத்தால் ஞாபகம் காப்பாற்றப்பட வேண்டும். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு என்ற பெரிய சோதனையில் ஒரு பிரிவினரின் எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மற்றப் பிரிவினருக்கு 7 முதல் 7.9 வரை போதும் என்று விட்டார்கள். 2011இல் வந்த முடிவுப்படி, 40 மாதங்களில் சிந்தனைத் தேர்வுகளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. கடுமையாகக் குறைத்தவர்களின் மூளை சற்றே குறைவாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008இலேயே அந்தக் கடுமையான முறையை நிறுத்திவிட்டார்கள். மூக்கு வழியாக இன்சுலின் செலுத்தி ஞாபகத்தை மீட்கும் முயற்சியும் 2020இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தரவில்லை.

உணவாக உட்கொள்ளும் சர்க்கரையைப் பற்றிய சான்றுகள் இன்னும் மெலிந்தவை. எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீவனம் கொடுத்தால் ஹிப்போகேம்பஸில் நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதம் குறைந்து, பாதையைக் கற்கும் திறனும் குறைகிறது என்று 2002 முதல் பல ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களில், சிட்னியில் உள்ள மெக்குவாரி பல்கலைக்கழகத்தினர் ஒல்லியான, நலமான இளைஞர்களை ஒரு வாரம் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவு உண்ண வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஹிப்போகேம்பஸைச் சார்ந்த நினைவுத் தேர்வில் அவர்கள் பின்தங்கினார்கள். அதோடு, வயிறு நிறைந்த பிறகும் தின்பண்டம் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்குக் குறையவில்லை. இதில் கொழுப்பும் சர்க்கரையும் கலந்தே இருந்ததால், குற்றவாளி சர்க்கரை மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊரில் 2017இல், இனிப்புப் பானம் அதிகம் குடிப்பவர்களின் மூளை அளவு குறைவாகவும் நினைவுத் தேர்வு மதிப்பெண் குறைவாகவும் இருந்தன என்று கண்டார்கள். அதே ஆண்டில் அதே ஊரின் தரவுகளிலிருந்து, செயற்கை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்குப் பக்கவாதமும் மறதி நோயும் கூடுதல் என்றும் வந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்தவர்கள்தானே செயற்கை இனிப்புக்கு மாறுகிறார்கள்? எது முன், எது பின் என்று பிரிப்பது இந்த அளவுக்குக் கடினம்.

கொடுங்கையூர் ஆய்வகப் பணியாளர்

நண்பர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அக்கார்டு சோதனையில் இருந்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டுகள் அளவுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்கள். இதய நோய் ஆபத்தும் உள்ளவர்கள். குழாய்கள் கெட்ட பிறகு 40 மாதங்கள் குளுக்கோஸைக் குறைத்ததால் ஞாபகம் திரும்பவில்லை என்பதை வைத்து, நாற்பது வயதில் தொடங்கினாலும் பயன் இருக்காது என்று முடிவு செய்ய முடியாது. நம் நாட்டில் இந்தக் கேள்வி பெரியது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பின்படி, சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். சியாட்டில் ஆய்வில் சராசரி 115 என்று வந்தவர்கள் இந்த விளிம்பை நெருங்கியவர்கள்தான்.

காசிமேடு மீன் ஏலத்தில் இருப்பவன்

எங்களைப் போல நள்ளிரவுக்குப் பின் எழுந்து, விடிவதற்குள் நாலைந்து டீயும் பன்னும் உள்ளே தள்ளி, வேலையை ஓட்டுகிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? இனிப்பு டீ இல்லாவிட்டால் ஏலத்தில் கூப்பிட்ட விலையே மறந்துபோகிறது.

இராயபுரம் உயிரியல் ஆசிரியை (ஓய்வு)

தம்பி, அந்த நேரத்தில் உங்களைத் தெளிய வைப்பது டீயில் உள்ள காஃபின். சர்க்கரை அந்த வேலையைச் செய்கிறது என்பதற்குச் சான்று எதிர்த்திசையில்தான் இருக்கிறது. 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான தொகுப்பில், இனிப்பு உண்ட அரை மணி நேரத்தில் களைப்பு கூடியதும், ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்ததும் தெரிந்தன. மனநிலை உயர்ந்ததாக எங்கும் இல்லை. பிள்ளைகளைப் பற்றியும் 1995இல் இப்படி ஒரு தொகுப்பு வந்தது. இனிப்பு அவர்களுடைய நடத்தையையோ சிந்தனையையோ மாற்றவில்லை என்பதே அதன் முடிவு. பிறந்தநாள் விழாவில் ஜிலேபி தின்ற பிள்ளைகள் ஆட்டம் போடுவது விழாவினால்தான். சவுக்கார்பேட்டை ஜிலேபியை நான் இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அதைக் குறை சொல்ல வேறு காரணங்கள் இருக்கின்றன.

உங்கள் மறதிக்கு நான் முதலில் தூக்கத்தைத்தான் சந்தேகிப்பேன். பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது. மதியம் தூங்கும்போது அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். டீயில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் இதுவே பொருந்தும்: தேர்வுக்கு முந்தைய இரவு நேரத்தோடு படுக்க வேண்டும், காலையில் இட்லியோ பொங்கலோ அளவோடு சாப்பிட வேண்டும், கையில் தண்ணீர்ப் பாட்டில் இருக்க வேண்டும். பரீட்சை முடிந்து வரும்போது அவன் ஒரு ரோஸ்மில்க் குடித்தால் யாரும் தடுக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டைவாசி

மருத்துவரைப் பார்த்துவிட்டோம். நான்கு நாட்கள் விடியற்காலையில் வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாட்கள் 70க்குக் கீழே இருந்தது. ஒரு நாள் 58. இரவு கிளிமிப்பிரைடை நிறுத்திவிட்டு, மெட்ஃபார்மினை மட்டும் தொடரச் சொல்லியிருக்கிறார். பி12 குறைவாக இருப்பதாகச் சீட்டு வந்திருக்கிறது, ஊசி தொடங்கியாயிற்று. தைராய்டில் குறை இல்லை. காலைக் குழப்பம் தெளிவாகவே குறைந்திருக்கிறது. கேட்டதையே கேட்பது இன்னும் இருக்கிறது. ஊசிகள் முடிந்து சில மாதங்கள் கழித்தும் அப்படியே இருந்தால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் துறைக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். கருப்பட்டியைப் பற்றிக் கேட்டதற்கு மருந்தாளுநர் ஐயா சொன்ன பதிலையே அவரும் சொன்னார். மகனுக்கு வாங்கிய குளுக்கோஸ் டப்பாவை, லோ சுகர் வந்தால் கொடுப்பதற்காக அம்மாவின் படுக்கை அருகே வைத்துவிட்டேன்.

பழைய வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்

அந்தப் பொடி அங்கே இருப்பதுதான் சரி. 70க்குக் கீழே வந்தால் 15 கிராம், அதாவது குவித்து மூன்று கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். அளவு சரியான பின் பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். எண்ணெயில் பொரித்ததையும் சாக்லேட்டையும் இந்த நேரத்தில் கொடுக்க வேண்டாம். கொழுப்பு சேர்ந்தால் குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறத் தாமதமாகும்.

பெரம்பூர் பழைய ரயில்வேக்காரர்

கருப்பட்டிக் காப்பியை நான் விடப் போவதில்லை. ஆனால் காலை ஒன்று, மாலை ஒன்று என்று நிறுத்திக்கொள்கிறேன். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை நான் இதுவரை எடுத்ததே இல்லை. கொடுங்கையூர் தம்பி, அதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

கொடுங்கையூர் ஆய்வகப் பணியாளர்

வேண்டியதில்லை ஐயா. எச்பிஏ1சிக்குக் காப்பி குடித்துவிட்டே வரலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள். இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணை அப்படியே நம்ப முடியாது என்பதால் ஹீமோகுளோபினையும் எழுதச் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை நண்பருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: பி12 குறைவால் இரத்தசோகை வந்திருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், ஊசி போட்டுப் புதிய இரத்த அணுக்கள் வேகமாக உருவாகும் காலத்தில் குறைத்தும் காட்டலாம். ஆகவே அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு அம்மாவின் விரல்நுனி அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்து மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள்.